எந்த நேரத்துக்கு எந்த மேளம்

மேளம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது தொகையைத்தான். “அண்ணே, ஒரு செட்டுக்கு எவ்வளவு ஆகும்?” நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு? மாப்பிள்ளை அழைப்பு எங்கிருந்து புறப்படுகிறது? தாய்மாமன் சீர் உண்டா? சாப்பாட்டுக் கூடம் மாடியிலா, கீழேயா? வந்தவர் என் முகத்தையே பார்ப்பார். இதற்கும் மேளத்துக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குத் தோன்றும்.

தொடர்பு நிறைய இருக்கிறது. கல்யாணத்தில் ஒவ்வொரு நாழிகையிலும் இசைக்கு ஒரு வேலை உண்டு. ஊரைக் கூப்பிடுவது ஒரு வேலை. வந்தவரை உட்காரவைப்பது ஒரு வேலை. தாலி ஏறும் கணத்தில் மண்டபம் முழுவதையும் மேடையை நோக்கித் திருப்புவது ஒரு வேலை. சாப்பிட்டு முடித்தவர்கள் உறவோடு பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான். எந்த வேலைக்கு யார் என்று தெரிந்துவிட்டால் தொகை பேசுவது எளிது. தவில் வாசித்தும், செட் சேர்த்து அனுப்பியும் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கல்யாண இசையைப் பெயரையும் விலையையும் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் ஊர் சோழவந்தான். வைகைக் கரை, நெல் வயல், வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேளத் தொழிலில் வெற்றிலைக்குத் தனி இடம் உண்டு. அச்சாரம் கொடுக்க வருகிறவர் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் பணம் வைத்துத்தான் கொடுப்பார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அந்தத் தேதி அந்த வீட்டுக்கு உரியது. அதற்குப் பிறகு இரண்டு மடங்கு தொகையோடு வேறு யார் வந்தாலும் போகக் கூடாது. இப்போது ஃபோனில் பணம் வந்துவிடுகிறது, ரசீதும் வந்துவிடுகிறது. என்றாலும் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து தாம்பாளம் மாற்றிக்கொள்வதையே விரும்புகிறார்கள். நானும் அதையே விரும்புகிறேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் கல்யாண வீட்டின் கதை முழுவதும் தெரியவரும்.

எனக்குத் தவில் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரையில் இருந்தார். அந்தத் தென்கரைதான் டி.ஆர். மகாலிங்கம் பிறந்த மண். 1945-இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் அவர் பாடிய உச்ச சுருதிப் பாட்டுகளை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் தலையாட்டிக் கேட்பார்கள். ‘திருவிளையாடல்’ படத்தில் பாணபத்திரராக வந்தவர் என்றால் இளையவர்களுக்கும் தெரியும். மைக்கை நம்பாமல், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் குரலை அனுப்பிப் பழகிய தலைமுறையில் வந்தவர் அவர். மாமா அடிக்கடி சொல்வார்: “மாப்ளே, கையில வலு இருக்கறது பெருசு இல்ல. எங்க அடக்கணும்னு தெரியணும்.” விடியற்காலையில் பலகையில் தட்டிச் சொற்கட்டு சொல்லி முடித்த பிறகுதான் தவிலைத் தொட விடுவார். நான் முதலில் கற்றது அடிப்பதை அல்ல, நிறுத்துவதைத்தான். பின்னாளில் கல்யாண மேடையில் எனக்கு மிகவும் கைகொடுத்ததும் அதுதான்.

ஒரு செட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதிக்கு ஒரு ஆள். முன்பு ஒத்து ஊதுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சுரத்தில் நிற்பார். இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. செலவு கட்டுப்படியாகாத வீட்டுக்கு ஒரு நாயனம், ஒரு தவில், தாளம் என்று மூன்று பேர் போதும். சிறிய செட் என்பது தாழ்ந்த செட் அல்ல. நூறு பேர் கூடும் கோயில் கல்யாணத்துக்கு நாலு வித்துவான்கள் வந்து நின்றால் பெண்ணின் அம்மா சொல்வது மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கேட்காது.

கோயிலில் கல்யாணம் என்றால் முதலில் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. திருவேடகம் ஏடகநாதர் கோயிலோ, தென்கரை மூலநாதர் கோயிலோ, மதுரைப் பக்கம் பெரிய கோயில் எதுவானாலும் சரி, அங்கே கோயில் மேளம் இருந்தால் அவர்களுக்குரிய மரியாதையைச் செய்த பிறகே வெளி மேளம் வாசிக்கலாம். இதைக் கேட்காமல் இரண்டு செட்டும் ஒரே மண்டபத்தில் வந்து நின்று, முகூர்த்த நேரத்தில் யார் வாசிப்பது என்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாயனக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் எந்த வாத்தியம் இருக்கிறது என்று கேளுங்கள். திமிரி நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. திறந்த வெளிக்கும் ஊர்வலத்துக்கும் கணீரென்று போகும். பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது, இரண்டு இரண்டரைக் கட்டையில் நிற்கும். மண்டபத்துக்குள் காது குளிரக் கேட்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரியால்தான் சுத்த மத்தியமம் நாயனத்தில் அவ்வளவு சுத்தமாகப் பேச ஆரம்பித்தது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு வாத்தியமும் வைத்திருக்கும் நாயனக்காரர் கிடைத்தால் அழைப்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று வாசிப்பார். வாத்தியத்தில் நூல் கட்டி மாற்றுச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பவரைப் பார்த்தால் எனக்கு மனம் தெளியும். ஏ.சி. மண்டபத்தில் சீவாளி சீக்கிரம் உலர்ந்துவிடும். மாற்று கையில் இல்லாதவர் முகூர்த்த நேரத்தில் திணறிப்போவார்.

தவிலுக்கும் இது பொருந்தும். பலா மரத்துக் கட்டையில் தோல் இழுத்துக் கட்டிய வாத்தியம் அது. மழைக்காலத்தில் தோல் தளரும், வறண்ட குளிரில் இறுகும். முன்பு வார் போட்டுக் கட்டினோம், இப்போது இரும்பு வளையத்தில் போல்ட்டை முடுக்குகிறோம். எப்படியிருந்தாலும் மண்டபத்துக் காற்றோடு பழக வாத்தியத்துக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால்தான், “முகூர்த்தத்துக்குச் சரியா வந்துருங்கண்ணே, போதும்” என்பவரிடம், “முதல் நாள் ராத்திரியே வந்து தங்குறோம், ஒரு அறை மட்டும் குடுங்க” என்று சொல்வேன். அந்த அறை எங்கள் சௌகரியத்துக்கு மட்டும் கேட்பதில்லை. வலந்தலை இறுக்கம் சரிபார்க்க, விரலில் கூடு மாட்ட, சுருதி சேர்க்க ஓர் இடம் வேண்டும்.

இனி நேரங்கள்.

மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. இங்கே இசையின் வேலை ஊருக்குச் செய்தி சொல்வது. தெருவில் போகும் கூட்டத்துக்கு நாட்டை, கம்பீர நாட்டை என்று கம்பீரமாகத் தொடங்கிவிட்டு, பிறகு சினிமாப் பாட்டுக்கு வரலாம். 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த பிறகு அந்தப் படத்துத் தில்லானாவைக் கேட்காத அழைப்பு கிடையாது என்று மாமா சொல்வார். திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் வாசித்தார்கள். ஒலியாக வந்தது எங்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம். தவில்காரர் முத்துராக்குவாக டி.எஸ். பாலையா வந்தார். மேளக்காரர் வீட்டு வாழ்க்கையைத் தமிழ்நாடு முழுவதும் உட்கார்ந்து பார்த்த படம் அது. அதற்கு முன்பே, 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்த ஆபேரிப் பாட்டு கல்யாண வீடுகளைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அழைப்பில் அதை வாசித்தால் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் அழைப்பை விடப் பெரியது தாய்மாமன் சீர். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் மாமன் தட்டு வரிசையோடு தெருவில் வருவதுதான் ஊர் பேசும் காட்சி. அதற்கு வாடிப்பட்டி மேளம் வேண்டும் என்று மாமன் வீட்டார் ஆசைப்பட்டால் நான் தடுப்பதில்லை, நானே ஆள் சொல்லிவிடுவேன். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான் வாடிப்பட்டி. அந்த அடி கேட்டால் கால் சும்மா இருக்காது. தெருவுக்கென்றே பிறந்த இசை அது. நையாண்டி மேளமும் அப்படித்தான். நாயனம், தவிலோடு பம்பையும் தமுக்கும் சேர்ந்து ஊர்வலத்தை ஒரு திருவிழாவாக ஆக்கிவிடும். இப்போது கேரளத்துச் செண்டை மேளமும் எங்கள் மண்டபங்களுக்கு வந்துவிட்டது. வெள்ளை வேட்டியோடு வரிசையாக நின்று, இலைத்தாளத்தோடு காலம் ஏற்றிக்கொண்டே போவது கண்ணுக்கும் காதுக்கும் நிறைவுதான்.

எது வந்தாலும் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. ஊர்வல மேளம் மண்டப வாசலோடு நிற்க வேண்டும். வாசல் தாண்டி உள்ளே வந்தால் அது ஊர்வலம் அல்ல, இடி. ஒருமுறை மாமன் வீட்டு மேளமும் எங்கள் நாயனமும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் முழங்கின. இரண்டு பக்கத்தாரும் தங்கள் மேளத்தை நிறுத்தினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தார்கள். மணப்பெண்ணின் பாட்டி காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அச்சாரம் வாங்கும்போதே இரு வீட்டாரிடமும் சொல்லிவிடுகிறேன்: “உங்க மேளம் வாசல் வரைக்கும் வாசிக்கட்டும். வாசல்ல நாங்க எதிர்கொண்டு அழைச்சு உள்ள கூட்டிட்டுப் போறோம். ரெண்டு பேருக்கும் மரியாதை.” இதைச் சொன்னால் யாரும் மறுத்ததில்லை. வெளி மேளத்தை உள் மேளம் எதிர்கொண்டு அழைப்பதையே ஒரு சடங்காக இப்போது சில வீடுகள் கேட்டு வாங்கிச் செய்கின்றன.

விடிந்தால் முகூர்த்தம். இதுதான் எங்கள் தொழிலின் நடுநாயகம். விடியலில் பூபாளம், பௌளி, மலயமாருதம் என்று தொடங்குவோம். வெயில் ஏறியதும் பிலகரி. இந்த நேரத்து இசைக்கு வேலை மக்களை மெல்ல மேடைப் பக்கம் கூட்டிவருவது. அடுப்படியில் இருப்பவர், பல் தேய்த்துக்கொண்டிருப்பவர், பூக் கட்டுகிறவர் என்று எல்லாருக்கும் நேரம் நெருங்குகிறது என்பதை நாயனம்தான் சொல்கிறது. ஐயர் மந்திரம் சொல்லும்போது அடங்கியும், இடைவெளியில் நிமிர்ந்தும் வாசிக்கத் தெரிந்த நாயனக்காரர் வேண்டும். தியாகராஜரின் குறிஞ்சி ராக உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனையை அந்த நேரத்தில் நிதானமாக வாசித்துக் கேட்டால் மண்டபத்தில் சத்தம் தானாகக் குறையும்.

முகாரி வேண்டாம் என்று சிலர் முன்கூட்டியே சொல்வார்கள். அந்த ராகத்தில் அழுகை மட்டும்தான் இருக்கிறது என்பதை இசை தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் கல்யாண வீட்டில் வாதம் செய்ய நமக்கு வேலையில்லை. வீட்டுப் பெரியவர்கள் மனதில் ஒரு நெருடல் வராமல் பார்த்துக்கொள்வதும் வித்துவானின் கடமை. ராகங்களுக்குப் பஞ்சமா என்ன?

தாலி கட்டும் நேரத்தில் தவில்காரன் கண்தான் முக்கியம். ஐயர் கையை உயர்த்துவார், ‘கெட்டிமேளம்’ என்று சொல்வார். அந்தக் கணத்தில் நாலு கையும் ஒன்றாக விழ வேண்டும். அரை நொடி முந்தினால் கூட்டம் பதறி அட்சதை போட்டுவிடும். பிந்தினால் எங்கோ ஒரு தும்மலோ, குழந்தையின் அழுகையோ, கேட்கக் கூடாத சொல்லோ காதில் விழும். அப்படி எதுவும் விழாமல் காப்பதற்குத்தானே கெட்டிமேளம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு முடிக்கும் வரைக்கும் வேகம் குறையக் கூடாது. முடிந்தது தெரிந்ததும் வெட்டியது போல நிற்காமல், நாயனம் ஆனந்த பைரவியிலோ கல்யாணியிலோ நிலைகொள்ளத் தவில் தணிந்து வழிவிட வேண்டும்.

இதற்கு மேடையை நேராகப் பார்க்கும் இடம் வேண்டும். இன்றைய மண்டபங்களில் எங்களுக்கும் ஐயருக்கும் நடுவில் வீடியோக்காரர்களும் லைட் குடைகளும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அது தொழில்தான். அதனால் முதல் நாள் இரவே வீடியோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, “தம்பி, ஐயரோட வலது கை மட்டும் எனக்குத் தெரியணும், பார்த்துக்கப்பா” என்று சொல்லிவைப்பேன். கல்யாண வீட்டார் செய்யவேண்டியது இவ்வளவுதான்: மேடையின் ஓரத்தில், ஐயரைப் பார்க்கும் பக்கம், மேளத்துக்கு ஒரு ஜமுக்காளம் விரித்து இடம் ஒதுக்குங்கள். எங்களை வாசலுக்கு அருகே உட்காரவைத்துவிட்டு மைக் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாயனத்துக்கும் தவிலுக்கும் மண்டபத்துக்குள் மைக்கே தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடம்தான் தேவை.

சில வீடுகளில் செலவைக் குறைக்க முகூர்த்தத்துக்குப் பதிவு செய்த நாயனத்தைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஐயர் கையை உயர்த்தும்போது அந்தப் பதிவு எப்படி வேகமெடுக்கும் என்று மட்டும் கேட்பேன். பெண் புடவை மாற்றிவரத் தாமதமானால் இன்னொரு சுற்று ஆலாபனை வாசிக்கவும், நேரம் நெருங்கிவிட்டால் சட்டென்று முடிக்கவும் மனிதன்தான் வேண்டும். கல்யாணத்தில் எல்லாவற்றிலும் செலவைக் குறைத்தாலும் முகூர்த்த மேளத்தில் குறைக்காதீர்கள். மூன்று பேர் போதும், ஆனால் அந்த மூன்று பேர் நேரில் இருக்க வேண்டும்.

முகூர்த்தம் முடிந்ததும் பந்தி. இங்கே இசை பின்னுக்குப் போக வேண்டும். நாயனம் மெல்ல நாலு பாட்டு வாசித்துவிட்டு ஓய்ந்துவிடலாம். பந்தியில் பரிமாறுகிறவர், “சாம்பாரா, ரசமா?” என்று கேட்பது காதில் விழவேண்டும். இன்னொருவருக்கும் நிசப்தம் தேவை. அவர்தான் மொய் எழுதுகிறவர். எங்கள் மதுரைச் சீமையில் மொய் நோட்டு ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம். வந்தவர் பெயர், ஊர், யார் வழி உறவு, தொகை எல்லாம் சரியாக எழுத வேண்டும். நாளை திருப்பிச் செய்யவேண்டிய கடன் அது. மொய் மேசைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டால் ‘முள்ளிப்பள்ளம்’ என்று சொன்னது வேறு ஊராக எழுதப்பட்டுவிடும். ஆகவே மைக் செட்காரரிடம் நான் முதலில் கேட்பது, மொய் மேசை எங்கே போடுகிறார்கள் தெரியுமா என்பதுதான்.

மாலை வரவேற்பு. இங்கேதான் இன்று வீடுகளில் அதிக வாக்குவாதம். பெண்ணுக்கு டி.ஜே. வேண்டும், அப்பாவுக்கு இன்னிசைக் கச்சேரி வேண்டும், தாத்தாவுக்குப் பாட்டுக் கச்சேரி வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பேரும் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். “தாத்தா, உங்க காலத்துப் பாட்டுக்கு என் ஃபிரண்ட்ஸ் தூங்கிருவாங்க” என்றது பெண். “உங்க பாட்டுக்கு எனக்கு நெஞ்சு படபடங்குது கண்ணு” என்றார் தாத்தா. நான் கேட்டேன்: “வரவேற்புக்கு ஆறு மணியிலிருந்து யார் வருவாங்க? எட்டு மணிக்கு மேல யார் இருப்பாங்க?” ஆறு முதல் எட்டு வரை வருபவர்கள் பெரியவர்கள், அலுவலகத்து மனிதர்கள், குழந்தையோடு வருகிறவர்கள். மேடை ஏறி, கை குலுக்கி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுக் கிளம்புவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு வீணையோ, புல்லாங்குழலோ, ஒரு பாடகர், கீபோர்டு, தபலா என்று சிறிய குழுவோ பழைய பாட்டுகளை மெதுவாகப் பாடட்டும். எட்டரைக்குப் பிறகு மிஞ்சுவது நெருங்கின சொந்தமும் சிநேகிதர்களும். அப்போது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. தாத்தா சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போகும் முன் ஆட்டத்தையும் சிறிது நேரம் நின்று பார்த்தார்.

இன்னிசைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அவர்கள் அனுப்பும் வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் வாசிக்கும் இன்னொரு கல்யாணத்துக்கு ஒரு மாலை போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாடகர் பாடும்போது பக்கத்தில் இருப்பவரோடு உங்களால் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது நல்ல குழு. வாத்தியங்கள் உண்மையில் வாசிக்கப்படுகின்றனவா, அல்லது டிராக் ஓடுகிறதா என்று கேளுங்கள். டிராக் போட்டுப் பாடுவது தப்பில்லை, ஆனால் தொகை அதற்கேற்ப இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பழைய பரீட்சை உண்டு. டி.ஆர். மகாலிங்கம் பாட்டு ஒன்று பாடச் சொல்வார்கள். சுருதியை இறக்கிக்கொண்டாவது, ராகம் கெடாமல் நேர்மையாகப் பாடுகிற பாடகர் எந்த மேடையையும் தாங்குவார்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ, ஒலி எழுப்பும் வாத்தியமோ கூடாது. மூடிய மண்டபத்துக்குள் வேண்டுமானால் அளவோடு வைத்துக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதிக்கு அந்த விதிகள் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். அதிகாலை நாலரை, ஐந்து மணி முகூர்த்தம் வைக்கும் வீடுகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் குழாய் ரேடியோ அலறுவது கல்யாணத்துக்கு அழகும் இல்லை, சட்டத்துக்கும் ஒவ்வாது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், உடம்பு முடியாதவர் இருக்கலாம். நம் வீட்டு மங்களம் இன்னொருவர் தூக்கத்தைப் பறித்து வரக் கூடாது.

மண்டபங்கள் சிலவற்றில் சினிமாப் பாட்டு போடத் தனி உரிமக் கட்டணம் கேட்பதாகச் சொல்லி வீட்டார் பதறிப்போய் என்னிடம் கேட்பதுண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தோடு சேர்ந்த விழாக்களிலும் பாட்டு இசைப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்ளவில்லை. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை பொது அறிவிப்பு வெளியிட்டு இதைத் தெளிவுபடுத்தியது. அந்த அறிவிப்பை ஃபோனில் வைத்திருந்தால் வாசலில் வீண் பேச்சு வராது.

அடுத்தது தேதி. ஆடியும் மார்கழியும் எங்களுக்குக் கல்யாணம் இல்லாத மாதங்கள். புரட்டாசியில் பல வீடுகள் வைப்பதில்லை. ஆக ஒரு வருடத்துச் சோறு தை, மாசி, வைகாசி, ஆவணி என்று சில மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில்தான் சேர வேண்டும். அதிலும் வைகாசி மாதம் எங்கள் ஊரில் ஜெனகை மாரியம்மன் திருவிழா. அம்மன் புறப்பாட்டுக்கும் மேளம் வேண்டும், கல்யாணத்துக்கும் அதே மேளம் வேண்டும். ஆகவே வைகாசிக் கல்யாணக்காரர்கள் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே மேளம் பேசிவிட வேண்டும். மண்டபத்துக்கு அடுத்தபடி மேளம், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கடைசி வாரத்தில் தேடினால் கிடைப்பவர்கள் வருவார்கள். யார் யாரோடு வாசித்துப் பழகினார்கள் என்பது தெரியாது. இரண்டு தவில்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே அறுதி சேர்ந்து விழ வருடங்கள் ஆகும். அந்தப் பழக்கத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கொடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பேசும்போதே எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்கு முடிப்பது, வண்டிச் செலவு யாருடையது, இரவு தங்கல் எங்கே என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் நீண்டால் என்ன என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மிச்சத் தொகையை மேடையிலேயே கொடுத்து அனுப்பினால் அதைவிட மரியாதை எங்களுக்கு வேறு இல்லை. தொகை குறைவாக இருந்தாலும் அந்த வீட்டை மறக்க மாட்டோம். மண்டபத்தைக் கழுவிவிட்ட பிறகும் கணக்குப் பார்க்க ஆளைத் தேடி நிற்கவைக்கும் வீட்டில் எவ்வளவு பெரிய தொகை வாங்கினாலும் மனம் நிறையாது.

சாப்பாடும் அப்படித்தான். முகூர்த்தத்துக்கு முன் நாயனக்காரர் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார், மூச்சு நிற்காது. வாசித்து முடிந்ததும் முதல் பந்தியில் அவரை உட்காரவையுங்கள். விடியற்காலையிலிருந்து ஊதியவர் அவர். ராஜரத்தினம் பிள்ளை தன் காலத்தில் நாயனக்காரருக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று நிமிர்ந்து நின்றார். அவர் நின்றதால்தான் எங்களைப் போன்ற சின்ன ஊர்க் கலைஞர்களும் இன்று தலை நிமிர்ந்து மண்டபத்துக்குள் வருகிறோம். பின்வரிசைப் பந்தியில் ஓரமாக இலை போடுவது அந்த நிமிர்வை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது.

இந்தத் தொழிலைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, நம்பிக்கையும் உண்டு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, பழனியில் தேவஸ்தானத்து நாதஸ்வர, தவில் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வரும் பிள்ளைகள் கை சுத்தமாக வாசிக்கிறார்கள், பெண்களும் நாயனம் எடுத்து வருகிறார்கள். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவிலைப் பழைய ஒலிநாடாவில் தேய்ந்த சத்தத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தப் பிள்ளைகள் அதையே ஃபோனில் தெளிவாகக் கேட்டுக் கற்கிறார்கள். ஆனால் சபா மேடைகள் இவர்களில் சிலருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களுக்கு மேடை உங்கள் வீட்டுக் கல்யாணம்தான். கச்சேரி கேட்க டிக்கெட் வாங்காத ஒரு மனிதர்கூட வாழ்நாளில் நூறு கல்யாணங்களிலாவது பிலகரியும் கல்யாணியும் கேட்டிருப்பார். நம் ஊரில் இசை பரவிய வழி அது.

ஆகவே கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு நான் சொல்வது இது. ஒரு தாளில் அழைப்பிலிருந்து மறுவீடு வரைக்கும் நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே, அப்போது மண்டபத்தில் யார் இருப்பார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு இசை வேண்டிய இடத்தில் டிக் அடியுங்கள், அமைதி வேண்டிய இடத்தை வெறுமனே விடுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள். உங்களிடம் இருக்கும் தொகைக்குள், ஊர்வலத்துக்கு யார், முகூர்த்தத்துக்கு யார், வரவேற்புக்கு யார் என்று உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம். சோழவந்தானில் மேளக்காரர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள்.